பல்லு கட்ட வந்த சாக்ஸபோன்

…இல்ல, நீங்களே சொல்லுங்கக்கா, பல்லு டாக்டர்கிட்ட வர்றவன் எதக் கொண்டாருவான்? வாயக் கொண்டாருவான். வாய்க்குள்ள பல்லு இருந்தா பல்லு, இல்லன்னா ஓட்ட. எங்க வீட்டுக்காரரு எதக் கொண்டாந்திருக்காரு பாத்தீங்கல்ல? சாக்ஸபோனு! தரங்கம்பாடியிலேருந்து மாயவரம் வரைக்கும் பஸ்ஸுல அதுக்கு ஒரு சீட்டு, இவருக்கு ஒரு சீட்டு, நான் கம்பியப் புடிச்சிக்கிட்டு தொங்கிக்கிட்டு வர்றேன். கண்டக்டர் கேக்குறாரு, “ஏம்மா, அந்தப் பொட்டிய அவரு மடியில வச்சிக்கிட்டா நீங்க உக்காரலாம்ல?”ன்னு. அவருக்கு என்ன தெரியும் பாவம். பொட்டிய எறக்கச் சொன்னா என்னத்தான் பொறையார்ல எறக்கி விட்டுட்டு வருவாரு இந்த மனுஷன்.

அய்ய, வேணாம் வேணாம், நீங்க பேசாதீங்க. பஞ்சு வச்சிருக்காங்கல்ல… கன்னம் பன்னு கணக்கா வீங்கிக் கெடக்கு. ஊசி போட்டாச்சா? மரத்துப் போவணும்ல, அதுவரைக்கும் இப்புடித்தான் உக்கார வச்சிருப்பாங்க. நீங்க தலைய மட்டும் ஆட்டுங்க, நான் பேசிக்கிறேன். எந்த ஊரு, நன்னிலமா? ஆங், பாத்தாலே தெரியுது, சேத்துல நின்ன காலு. எனக்கு செம்பனார்கோயில் ரோட்டுல மீன் கட. தையல்நாயகின்னா எல்லாருக்கும் தெரியும். மூக்கப் புடிச்சிக்காதீங்க, காலைல ரெண்டு தடவ சோப்புப் போட்டுட்டுத்தான் வந்திருக்கேன்!

இப்ப காயாரோகணம்னு அந்த டோக்கன் பொண்ணு பூமிகா கூப்புட்டுச்சே, உள்ள போனாருல்ல, அதான் எங்க வீட்டுக்காரரு. நாவப்பட்டினத்து சாமி பேரு. முன்ன கப்பல்ல வாசிக்கப் போனப்ப வெள்ளக்காரன் வாயில அது நொழையலன்னு ரோகன்னு ஆக்கிட்டாங்க. ரோகம்னே வச்சிருக்கலாம், பொருத்தமா இருந்திருக்கும்.

என்ன வெவகாரம்னா அக்கா, முன்பல்லு ரெண்டு போச்சு. மேல் பல்லு ரெண்டும். அந்த சாக்ஸபோனுக்குக் கருப்பா ஒரு மூக்கு இருக்குல்ல, அதுமேல மேல்பல்ல அழுத்தி வச்சாத்தான் ஊத வருமாம். பல்லு இல்லன்னா வெறும் காத்துதான். அதான் பல்லு கட்ட வந்திருக்கோம். இன்னைக்கு மாட்டி, ஊதிப் பாக்கப் போறாராம். ஊத வந்துச்சுன்னு வைங்க, கப்பலுக்குக் கெளம்பிடுவாரு. பழைய கூட்டாளி, பிலிப்பைன்ஸ்காரன் ஒருத்தன், டிரம்ஸ் அடிக்கிறவன், புதுசா ஒரு கப்பல்ல செட்டு சேக்குறானாம். வா வான்னு ஃபோனு மேல ஃபோனு. ஊத வரலன்னா எங்கூட உக்காந்து மீனு வெட்டிக்கிட்டு கெடப்பாரு. இப்ப நான் மாரியாத்தாகிட்ட எத வேண்டிக்கிட்டிருப்பேன்னு நெனக்கிறீங்க?… ஆங், அதேதான். கற்பூரம்க்கா நீங்க.

பின்ன என்னங்க? இந்த ஊதலால நான் பட்டது கொஞ்சமா? கடக்கரையில பொறந்தவன் என்ன பண்ணணும்? கடலுக்குப் போவணும். இவரு சின்ன வயசுல அப்பாவோட போட்டுல ஏறுனா, மொகத்துவாரம் தாண்டறதுக்குள்ள வாந்தி. வல இழுக்குறவன் எல்லாம் மீன அள்ளுவானா, இவரு வாந்திய அள்ளுவாரா? கரையில எறக்கி விட்டுட்டாங்க. சும்மா இருந்த புள்ளைய மிஷன் பள்ளிக்கூடத்து பேண்டுல சேத்துக்கிட்டாங்க. நாங்க மாரியம்மன் கும்பிடறவங்க, ஆனா இவரு வாத்தியம் கத்துக்கிட்டது சர்ச்சு பேண்டுல. மொதல்ல கிளாரினெட்டு. நல்லாத்தான் வாசிச்சாராம். என்ன, கிறிஸ்மஸ் அன்னைக்கு மொத்த பேண்டும் பாட்ட முடிச்சி வாத்தியத்தக் கீழ எறக்கியாச்சு, இவரு மட்டும் முடிக்கல. கண்ண மூடிக்கிட்டு எங்கயோ போயிக்கிட்டே இருக்காராம். சர்ச்சு ஐயரு பிரசங்கத்துக்குப் புத்தகத்தத் தொறந்து வச்சிட்டு நிக்கிறாராம், இவரு வரட்டும்னு. அன்னைக்கே தெரிஞ்சிருக்க வேண்டாம் இது வெளங்காதுன்னு? எனக்கு எங்க தெரியும், நான் அப்ப பாவாட கட்டிக்கிட்டு கருவாடு காய வச்சிக்கிட்டிருந்தேன். அத்த மகன், முறை மாப்ள. யாரு என்னக் கேட்டா?

கல்யாணம் ஆன புதுசுல சாக்ஸபோன வாங்கிட்டாரு. தெனம் காலைல கரையில நின்னுக்கிட்டு கடலப் பாத்து ஊதறது. போட்டெல்லாம் வெறுங்கையோட திரும்புன ஒரு வாரம்… கேளுங்க இந்தக் கூத்த… இவரு ஊதித்தான் மீனு ஓடிப்போச்சுன்னு ஊர்ப் பஞ்சாயத்தக் கூட்டிட்டாங்க! சிரிக்காதீங்க, பஞ்சு விழுந்துடும். நெசம்க்கா. போட்டு கரைக்கு வர்ற வரைக்கும் காயாரோகணம் ஊதக் கூடாதுன்னு தீர்ப்பு. சரின்னு ஒத்துக்கிட்டு வர வேண்டியதுதான? இவரு பஞ்சாயத்துல எழுந்திருச்சி, “மத்தி ஓடுன பாட்டு எது, இறா ஓடுன பாட்டு எதுன்னு சொல்லுங்க, அத மட்டும் விட்டுட்றேன்”னாரு. அதுக்குத் தனியா அபராதம்.

அப்புறம் மெட்ராஸ் போனாரு, சினிமாவுக்கு வாசிக்கிறேன்னு. அங்க எழுதிக் குடுப்பாங்களாம், அத அப்புடியே வாசிக்கணுமாம். இவருக்கு அப்புடியே எதையும் செய்யத் தெரியாதே! நான் ஒரு கிலோ உப்பு வாங்கிட்டு வாங்கன்னா, உப்பும் வராது, கூடவே ஒரு கத வரும். ஒரு தடவ மாத்தி வாசிச்சாரு, சரின்னாங்க. ரெண்டாந் தடவ மாத்துனாரு, மொறைச்சாங்க. அப்புறம் வாட்ச்மேன் கேட்டுக்குள்ளயே விடல.

அங்கேருந்துதான் கப்பலு. டூரிஸ்டு கப்பலு, ஊரு கணக்கா இருக்குமாம், உள்ளயே நீச்சல் கொளம் எல்லாம் இருக்குமாம். சின்ன போட்டுல வாந்தி எடுத்தவரு அதுல ஜம்முனு போனாரு பாருங்க, அதுக்கு என் மாமனாரு கடைசி வரைக்கும் மன்னிக்கவே இல்ல. அங்க ஒரு அமெரிக்காக்காரரு, வில்பர்னு பேரு, வயசானவரு, ட்ரம்பெட்டு வாசிக்கிறவரு. அந்த ஆளுதான் ஜாஸுன்னு ஒண்ணக் கத்துக் குடுத்து எங் குடும்பத்துல மண்ணள்ளிப் போட்டது.

ஜாஸுன்னா என்னன்னு கேக்குறீங்களா?… கண்ணு கேக்குதே. சொல்றேன். ஒரு பாட்ட எடுத்துக்கறது. ரெண்டு வரி ஒழுங்கா வாசிக்கறது. அப்புறம் அதத் தொலைச்சிட்டு ஊரெல்லாம் தேடறது. அந்தத் தெருவுல போயிப் பாக்கறது, இந்தக் கொல்லையில எட்டிப் பாக்கறது, கொளத்துல எறங்கறது, வழியில போறவனக் கேக்கறது. கடசியில பாத்தா அது அவங்க வீட்டு வாசல்லயே கெடக்கும். அவ்வளவுதான் ஜாஸு. இதத்தான் வெள்ளக்காரன் காசு குடுத்து உக்காந்து கேக்குறான்.

கப்பல்லேருந்து ஃபோனு பண்ணுவாரு. பொண்டாட்டிக்கு ஃபோனு பண்றவன் என்ன கேப்பான்? சாப்ட்டியா, ஒடம்பு எப்புடி இருக்கு… இவரு “தையலு, இதக் கேளு”ன்னு சொல்லிட்டு ஃபோன எங்கயோ வச்சிட்டு ஊத ஆரம்பிச்சிருவாரு. நான் கானாங்கெளுத்தியக் கழுவிக்கிட்டே காதுல தோளால ஃபோன இடுக்கிக்கிட்டுக் கேக்கறது. மொத மூச்சுலயே சொல்லிருவேன், குடிச்சிருக்காரா, குடிக்கலையா, யார்கிட்டயாவது சண்ட போட்டாரா, வீட்டு நெனப்பு வந்துடுச்சான்னு. வாயால பேசுனா பொய் சொல்லுவாரு, அதுல சொல்ல வராது அவருக்கு. எனக்குப் புடிச்சிருந்துச்சான்னா… அதென்னக்கா கேள்வி. மீனு கழுவற நேரம் போச்சு, அவ்வளவுதான்.

குடி… அதச் சொல்லலையே. ஊதுனா ஒடம்புக்குள்ள ஒரு சூடு ஏறிக்குமாம், பாட்டு முடிஞ்சாலும் அது எறங்காதாம், எறக்கறதுக்குக் குடிக்கணுமாம். நான் கூடத்தான் நாளெல்லாம் கத்தி மீனு விக்கிறேன். எனக்கு ஏறாத சூடா? மோரு குடிச்சா எறங்குது. இவருக்கு மட்டும் எறங்கல. கப்பல்ல வயசான வெள்ளக்காரங்க ஜோடி ஜோடியா மெதுவா டான்ஸ் ஆடிக்கிட்டிருக்காங்க, இவரு குடிச்ச வேகத்துல பாட்ட வெரட்டு வெரட்டுன்னு வெரட்டிட்டாரு. ஒரு பாட்டி தடுக்கி விழுந்து இடுப்பு பிசகிப்போச்சு. அந்தம்மா சிரிச்சிக்கிட்டே ஸ்ட்ரெச்சர்ல போச்சுன்னு இவரு இன்னைக்கும் பெருமையாச் சொல்லுவாரு. கப்பல்காரன் சிரிக்கல. அடுத்து வந்த தொறமுகத்துல எறக்கி விட்டுட்டான். வீட்டுக்கு வந்து நின்னப்ப கையில சாக்ஸபோனு, கால்ல ஒத்தச் செருப்பு. இன்னொண்ணு எங்கன்னா, கடல்லன்னாரு.

சரி, உள்ளூர்லயே பொழைக்கட்டும்னு வெற்றிசெல்வன் பேண்டு செட்டுல நான்தான் சொல்லிச் சேத்து விட்டேன். எல்லாரும் செவப்புக் கோட்டு, தங்கக் கலரு பட்டனு, மாப்ள அழைப்புல முன்னாடி போவணும். தெரிஞ்ச சினிமாப் பாட்டா வாசிச்சா ஜனம் கூடவே பாடிக்கிட்டு வரும், எவனாவது ஆடுவான், முடிஞ்சிடும். இவருகிட்ட பாட்டக் குடுத்தா? பொண்ணு மேடைக்கு வந்து, தாலி கட்டி, மொதப் பந்தி முடிஞ்சி எலையும் எடுத்தாச்சு, இவரு இன்னும் அந்தப் பாட்டத் தேடிக்கிட்டு சமையக்கட்டுப் பக்கம் நிக்கிறாரு. வெற்றிசெல்வன் வந்து என்கிட்ட கைய எடுத்துக் கும்பிட்டான். “அக்கா, ஒங்க வீட்டுக்காரர கல்யாணத்துக்கு வேணாம், சாவுக்கு மட்டும் வச்சிக்கிறேன். அங்க யாரும் அவசரப்பட மாட்டாங்க”ன்னான்.

அவசரப்படறதுக்கு ஆள் இருந்துச்சுக்கா. அதான் இந்தப் பல்லு.

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு பெரிய மிராசு வீட்டுச் சாவு. நல்ல வயசு, கல்யாணச் சாவு. மவன் சிங்கப்பூர்லேருந்து வந்து எறங்கி, அப்பாவுக்கு சாக்ஸபோனு வேணும்னு கேட்டிருக்காரு. பேண்டு செட்டு போச்சு. ஊர்வலம் நல்லாத்தான் போயிருக்கு. நம்ம பக்கம் தெரியுமில்ல, சுடுகாட்டுக்கு முன்னாடி பாடைய எறக்கி, தலைமாடு கால்மாடு மாத்தித் திருப்பித் தூக்குவாங்கல்ல? அந்த எடம் வந்தா பேண்டு நிக்கணும், வாத்தியக்காரங்க ஓரமா ஒதுங்கணும். இது பச்சப்புள்ளைக்குத் தெரியும். டிரம்ஸ்காரன் நிறுத்திட்டான், ட்ரம்பெட்டு நிறுத்தியாச்சு, எல்லாரும் வாய்க்கா வரப்புக்கு ஒதுங்கியாச்சு. ஒத்த ஆளு, நடு ரோட்டுல, கண்ண மூடிக்கிட்டு நிக்கிறாரு. ஊதிக்கிட்டு. யோவ் யோவ்ங்கறாங்க, காதுல ஏறல. கொள்ளிச் சட்டியக் கையில வச்சிக்கிட்டு மவன் நிக்கிறாரு, வெய்யிலு மண்டையப் பொளக்குது, தூக்குனவங்க எம்புட்டு நேரம் தாங்குவாங்க? திருப்பு திருப்புன்னு ஒரு குரலு. நாலு பேரும் ஒரே சுத்தா சுத்துனாங்க பாருங்க… பாடை மூங்கிலு நேரா வந்து சாக்ஸபோனு அடியில ஒரே இடி! அது மேல எகிறி, மூக்கு வாய்க்குள்ள போயி, ரெண்டு பல்லும் மண்ணுல.

செத்தவன் கையால அடி வாங்கிப் பல்லு போன ஆளு ஒலகத்துல எங்க வீட்டுக்காரரு ஒருத்தருதான்க்கா. நீங்க எத்தன பத்திரிகையில வேணும்னாலும் தேடிப் பாருங்க. அதவிடக் கூத்து என்னன்னா, ரத்தத்தத் துப்பிட்டு, “ஒரு நிமிஷம், வந்துட்டேன், முடிச்சிட்றேன்”னாராம்! பொணம் காத்துக்கிட்டிருக்கு, இவரு ஒரு நிமிஷங்கறாரு.

நான் அன்னைக்கு சந்தோசப்பட்டேன். நெசமாத்தான் சொல்றேன், எதுக்கு மறைக்கணும். வாயில துணிய வச்சிக்கிட்டு வந்து எறங்குனாரு, நான் வெந்நி வச்சிக் குடுத்துக்கிட்டே உள்ளுக்குள்ள, ‘அப்பாடா, தொல்ல விட்டுது’ன்னு நெனச்சேன். அதே மாரி ஆச்சு. ஊதல இல்லையா, குடியும் போச்சு. காலைல எனக்கு முன்னாடி எந்திரிக்கிறாரு. ஐஸ் பொட்டிய தூக்கி வண்டியில வைக்கிறாரு. கடையில உக்காந்து சங்கராவச் செதிலு எடுத்து, துண்டு போட்டு, வர்ற பொம்பளைங்கள “வாங்கம்மா”ன்னு கூப்புடறாரு. எங்க தெருவுல எல்லாரும் சொல்றாங்க, தையலு குடுத்து வச்சவ, புருஷன் திருந்திட்டான்னு. இத்தன வருஷமா நான் எந்தெந்தக் கோயில்ல என்னென்ன வேண்டுனேனோ, எல்லாம் ஒரே நாள்ல அந்தச் செத்துப்போன மிராசுதாரரு குடுத்துட்டாரு.

ஆனா… பேசவே மாட்டேங்கறாருக்கா. கேட்டா பதிலு சொல்றாரு. உப்பு வாங்கிட்டு வாங்கன்னா உப்பு வருது. வெறும் உப்பு. கத வரல. கத்தியப் புடிச்சிருக்கப்ப இந்த வெரலுங்க இருக்குல்ல, அதுங்க மட்டும் கத்திப் பிடி மேல தானா ஓடுது, அவரு அதப் பாத்துட்டு கைய லுங்கிக்கு அடியில வச்சிக்கிறாரு. எதுக்கு ஒளிக்கிறாரு, நான் என்ன அடிக்கவா போறேன்? எனக்கு பயமா இருக்குக்கா. குடிச்சிட்டு விழுந்து கெடந்தப்பல்லாம் எனக்கு இந்த பயம் வந்ததே இல்ல… சீ, நான் பாரு, உங்களுக்கு வலியோட வலியா இத வேற சொல்லிக்கிட்டு. விடுங்க. வயசானா எல்லாருக்கும் பேச்சு கொறையும். எனக்கு மட்டும்தான் கொறையல.

கிட்ட வாங்க, ஒண்ணு சொல்றேன். அளவு எடுக்க வந்தப்ப இவரு வெளில நின்னாரா, நான் டாக்டர்கிட்ட தனியா சொல்லிட்டேன். “சார், பல்லு பாக்க லச்சணமா இருந்தாப் பாத்துக்கலாம், அந்த ஊதற தொழில விட்டுட்டாரு, அதுக்குன்னு எதுவும் மெனக்கெடாதீங்க”ன்னு. நல்ல மனுஷன், சரிம்மான்னுட்டாரு. இன்னைக்கு இவரு பொட்டியத் தூக்கிக்கிட்டு உள்ள போறாரு, டாக்டர் என்னத் திரும்பிப் பாக்குறாரு, நான் சொவத்துல இருக்குற பல்லு படத்தப் பாக்குறேன். பின்ன, அனுப்பிட்டு நான் என்ன பண்றது? அடுத்த தொறமுகத்துல செருப்பு இல்லாம எறக்கி விடுவான், அதுக்கு அடுத்ததுல ஆளே இல்லாம… வேணாம்க்கா. வீட்ல இருக்கட்டும். பேசாட்டியும் வீட்ல இருக்கட்டும்.

உஸ்ஸ்… இருங்க. எடுத்துட்டாரு. பொட்டி தொறக்குற சத்தம் கேட்டுச்சா?

…கேட்டீங்களா! ஹா! வாத்து மேல சைக்கிள் ஏறுனாப்ல! அக்கா, முடிஞ்சிதுக்கா. மாரியாத்தா, உனக்கு ஒரு பொங்கலு. உள்ள இருக்குற நர்சு கூட சிரிக்குது பாருங்க.

…இன்னொரு தடவையா. ம்… காத்து போவுது. பல்லுக்கும் மூக்குக்கும் நடுவுல காத்து போவுது. அய்ய, அப்புடி இல்லங்க, கீழ் ஒதட்ட… ஏன் இப்புடி இழுக்குறாரு? அவரு இழுக்க மாட்டாரே. எடுத்த எடுப்புல வந்து விழும்க்கா அவருக்கு, ஒரு மூச்சு, அவ்வளவுதான், நீங்க கேட்டதில்லையே… இத வச்சி எதுவும் நெனச்சிக்காதீங்க. இது அவரு இல்ல. இது வேற யாரோ ஊதற மாரி இருக்கு.

நிறுத்திட்டாரு.

ஏன் நிறுத்திட்டாரு? டாக்டர் என்னமோ கேக்குறாரு… “எப்படிங்க இருக்கு, கொஞ்சம் சரி பண்ணிப் பாக்கவா?”ங்கறாரு… என்ன சொன்னாரு? நீங்க கேட்டீங்களா? “பரவால்ல சார், போதும்”னா சொன்னாரு?

போதுமா?

இந்த மனுஷன் வாயில அந்த வார்த்தைய நான் கேட்டதே இல்லக்கா. சோத்துக்குச் சொன்னதில்ல, சாராயத்துக்குச் சொன்னதில்ல, பாட்டுக்குச் சொன்னதே இல்ல. யாரக் கேட்டுப் போதும்ங்கறாரு? என்ன குரலு அது, வட்டி கட்ட வந்தவன் கணக்கா! பொட்டிய மூடுறாரு… மூடிட்டாரு. இப்ப வெளில வந்து, வா தையலு போலாம்பாரு. நாளைக்குக் காலைல எந்திரிச்சி ஐஸ் பொட்டியத் தூக்குவாரு. அதுக்கு அடுத்த நாளும் தூக்குவாரு. வாங்கம்மா, வாங்கம்மான்னுக்கிட்டு… அய்யோ, என்னால முடியாதுக்கா. அந்தப் பைய கொஞ்சம் புடிங்க.

என்ன பூமிகா? அடுத்து இவங்க நம்பரா? இருக்கட்டும், இவங்க பல்லு எங்கயும் ஓடிப்போவாது. அக்கா, கோச்சிக்காதீங்க, ஒரு நிமிஷம்… தள்ளு பாப்பா.

டாக்டர் சார்! கதவத் தொறந்துட்டேன், திட்டாதீங்க. அன்னைக்கு நான் உங்ககிட்ட சொன்னேன்ல, அத மறந்துடுங்க… ஆமா, நாந்தான் சொன்னேன், அவரு காதுல விழட்டும், விழுந்தா என்ன? லச்சணம் கெடக்குது சார், யாரு பாக்கப் போறா இந்த மூஞ்சிய. கழட்டுங்க அத. அராவுவீங்களோ, ஒடைப்பீங்களோ, மொதல்லேருந்து அளவு எடுப்பீங்களோ, அவருக்கு ஊத வரணும். வர்ற வரைக்கும் நான் இந்த எடத்த விட்டு நகர மாட்டேன்.

நீங்க என்னங்க என்னயே பாத்துக்கிட்டு? பொட்டியத் தொறங்க. மொறைக்கிறதெல்லாம் கப்பல்ல போயி மொறச்சிக்கங்க. இப்ப வாயத் தொறங்க.